எடைமேடையில் லெந்து நாள்

லெந்து தொடங்கிய நாளிலிருந்து மீன் தொடவில்லை.
குளச்சலிலிருந்து வருகிற ஸ்டெல்லாபாய்
கூடையை இறக்காமலே கேட்டுவிட்டுப் போவாள்:
"இன்னும் எத்தனை நாளாக்கும்?"
பக்கத்து வீட்டு நெத்திலிக் குழம்பு கொதிக்கும்போது
ஜன்னலை அடைத்துக்கொள்வேன்.
அவ்வளவு கண்டிப்பு.

அதே கண்டிப்போடு எட்டரைக்குப் பஸ் பிடித்து
வேர்கிளம்பி தாண்டி இறங்கி
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
எஃப் எட்டை அழுத்துவேன்.

எஃப் எட்டு என்றால் மேனுவல்.
மேடை சொல்லும் எடையை மறைத்து
நாம் சொல்லும் எடையைச் சீட்டில் அடிக்கும்.
நாற்பத்தாறு டன் பாறை ஏறி நிற்கும்,
மேடை முனகும்,
சீட்டு முப்பத்தஞ்சு என்று சாதிக்கும்.
மலை கேரளத்துக்குப் போய்விடும்.
ஆறு வருஷம். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி.
பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

காலை ஐந்து மணிக்கு ஸ்டேட்டஸில் வசனம் வைப்பேன்,
ரோஜாப்பூ படத்தோடு.
முதலாளி டென்னிசன் அண்ணன்தான் முதலில் பார்ப்பார்.
கும்பிடும் கை ஒன்று அனுப்புவார்.

போன ஞாயிறு நற்கருணை.
முழங்காலிட்டு, இடது கைமேல் வலது கை வைத்து நீட்டினேன்.
போதகர் அப்பத்துண்டை வைத்தது
சரியாக என் ஆள்காட்டி விரலின் அடியில்.
அந்த விரல்தான்.
வேறொன்றும் நடக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள்.
விழுங்கத்தான் நேரமாயிற்று.

செவ்வாய் மதியம் பிரெட்லினின் வண்டி ஏறியது.
சிவப்பு எண் ஓடி ஓடி நின்றது: 46,820.
வாய் வறண்டது.
மகளுக்கு நர்சிங் ஃபீஸ் வருகிற பத்தாம் தேதி,
குழுக் கடன் வெள்ளிதோறும்.
ஜெபம் பண்ணினாயா என்று கேட்டால்
"இயேசுவே" என்ற ஒரு சொல், அதுவும் பாதி.
எஃப் எட்டைத் தாண்டி
பக்கத்துப் பட்டனை அழுத்தினேன்.
பிரிண்டர் வழக்கம்போலக் கரகரத்தது.
உண்மைக்கும் அதே சத்தம்தான்.

பிரெட்லின் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அக்கா, உங்களுக்கு என்ன கிறுக்கா?
இதை வச்சு நான் களியக்காவிளை தாண்ட முடியுமா?"
"முடியாது மக்கா."
"அப்போ எனக்க டிரிப்புக் காசு?"
அதற்குப் பதில் என்னிடம் இல்லை.
இதை எழுதும்போதும் இல்லை.

பத்து நிமிஷத்தில் அண்ணன் போன் செய்தார்.
கோபமில்லாத குரல்;
ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையை நீட்டுவாரே, அந்தக் குரல்.
"பிள்ளே ஜெனோபா, சபைக்க மதிலுக்கு
கல்லு மொத்தமும் யாரு தந்தா?"
"நீங்கதான் அண்ணே.
அந்தக் கல்லுக்கும் சீட்டு நான்தான் போட்டேன்."

போனுக்குள் நெடுநேரம் ரோட்டுச் சத்தம் மட்டும்.
பிறகு, "மத்தவங்களையும் கொஞ்சம் நினைக்கணும் பிள்ளே."
பிறகு, "நாளை வரண்டாம்."

சோற்று டப்பாவைக் கழுவினேன்.
வெளியே பிரெட்லின் பொக்லைனைக் கூப்பிட்டு
கூடுதல் பாறையை இறக்கிக்கொண்டிருந்தான், என்னைத் திட்டியபடி.
ஒவ்வொரு கல் விழும்போதும் கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது.
ஒரு கல்லுக்குச் சந்தோஷம் வந்தது.
அடுத்த கல்லுக்குப் பயம்.

ஞாயிறு வரும். பையோடு என் பெஞ்சுக்கும் வருவார்.
நான் எப்போதும் போடுகிற பத்து ரூபாயைப் போடுவேன்.
கண்ணை எங்கே வைப்பது என்று
அவரும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
குறுக்கு வழி மேடை மேல்தான்.
நடுவே வந்தபோது கண்ணாடிக்குள் எண் மாறியது:
60.
ஐந்து கிலோ கூடலாம், குறையலாம்.
பாறைக்கென்று செய்த மேடை, அதற்கு அவ்வளவுதான் தெரியும்.
செருப்பு, பை, காலி டப்பா,
உள்ளே இன்னும் அடங்காத படபடப்பு,
எல்லாம் சேர்த்து அறுபது.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
சீட்டுப் போட உள்ளே ஆள் இல்லை.